ரயில் கரை வளைகிற இடம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் அம்மா ஒரு கவர்மெண்ட் ஜீப்பை மறித்துவிட்டாள்.

கையில் அரிவாள், கம்பு எதுவும் இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணனுக்காக நாங்கள் நட்டு வைத்திருக்கிற கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். அவ்வளவுதான். டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தான். அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே இருந்த தாசில்தார் தலையை நீட்டினார். "ஏம்மா, ரோடு போடுறதுக்கு அளக்க வந்திருக்கோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"அளந்துக்கங்க ஐயா. எம்பிள்ளைய விட்டுட்டு அளந்துக்கங்க" என்றாள் அம்மா.

கொஞ்ச வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டீர்கள் இல்லையா? இதுதான் காரணம். எங்கள் அண்ணன் போய்விட்டான். மதுரை காளவாசலில் என் தையல் கடை, அங்கே வருகிற கிராக்கிகள், கை பிடிக்குது கழுத்து இறங்குது என்று நடக்கிற பிளவுஸ் சண்டை... இதைத்தான் வாராவாரம் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அதெல்லாம் வரமாட்டேன் என்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றை எழுதுகிற சாமர்த்தியம் கிடையாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பேரையூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் மலையிலிருந்து மரம் இறக்க ஒரு சின்ன ரயில் பாதை போட்டிருந்தார்களாம். மரமும் தீர்ந்தது. வெள்ளைக்காரனும் போனான். அப்புறம் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். அடியில் கிடந்த கட்டைகளைப் பிடுங்கினார்கள். ஓடைப் பாலத்தில் இருந்த இரும்பையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் ஒரு மண்மேடு — அடிவாரத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும், அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அதில் ரயில் ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதற்குப் பேர் ரயில் கரைதான்.

அந்தக் கரையில் தினமும் நடக்கிறவர்கள் மலையில் இருக்கிற பளியர்கள். தேன், கிழங்கு, கடுக்காய் என்று தலையில் சுமந்துகொண்டு வருவார்கள். ஓடையில் இறங்கி ஏறுவார்கள். மெயின் ரோட்டில் பஸ் பிடித்துப் பேரையூர் சந்தைக்குப் போவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வண்டிப் பாதையில்தான் போவது. முள்ளும் கல்லுமாகக் கிடக்கிற மேட்டில் எவன் நடப்பான்?

எங்கள் அண்ணன் முருகேசன் நடப்பான். நடப்பதென்ன, சைக்கிளே ஓட்டுவான். கேரியரில் பளியர் வீட்டுத் தேன் டின், ஹேண்டில்பாரில் கிழங்கு மூட்டை, பின்னாலேயே கையை வீசிக்கொண்டு குருவன். குருவனும் பளியர்தான், அண்ணன் வயசுதான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். இதில் யார் மாமன், யார் மாப்பிள்ளை என்கிற வழக்கு கடைசிவரை தீரவில்லை.

அண்ணனுக்கு எப்படி ஆனது?

கடலைக்காட்டில் புல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. அம்மா போட்ட சத்தத்தைக் கேட்டு, கரையில் போய்க்கொண்டிருந்த குருவனும் கூட வந்த ஆட்களும் சுமையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் அண்ணனைப் படுக்க வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு கரை வழியாக ஓட்டம். மெயின் ரோட்டைப் பிடித்துவிட்டால் பஸ்ஸோ லாரியோ கிடைக்கும். மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

ஆனால் ஓடையில்தான் பாலம் இல்லையே. கட்டிலோடு பள்ளத்தில் இறங்கினார்கள். கட்டிலோடு ஏறினார்கள். அக்கரை ஏறி, மேட்டில் கட்டிலை இறக்கி வைத்துப் பார்த்தபோது அண்ணன் கண்ணை மூடியிருந்தான்.

தந்தி கிடைத்து நான் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. முகம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டிலை இறக்கிய இடத்தில்தான் அம்மா கல்லை நட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல் நட்டு, குங்குமம் வைத்து, வழியில் போகிறவர்கள் தாகத்துக்குக் குடிக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை. அண்ணன் பேரைச் சொல்லி நாலு பேர் குடித்தால் அவனுக்குத் தொண்டை நனையும் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை.

ஒருத்தரும் குடிக்கவில்லை.

அந்த வழியாக வருகிறவர்களே பளியர்கள்தான். அவர்கள் ஓடையை ஏறுவதற்கு முன்னாலேயே விலகி, பள்ளத்தோடு கீழே போய், சீமைக்கருவேல முள்ளுக்குள் நுழைந்து, எங்கேயோ சுற்றி மறுபடியும் கரையில் ஏறினார்கள். தலையில் சுமையோடு. கால் எல்லாம் கீறல். கருமாதிக்கும் வரவில்லை. ஒரு நாள் சந்தையில் அம்மா குருவனைப் பார்த்திருக்கிறாள். "எம்பிள்ள முருகேசன்..." என்று ஆரம்பித்ததுமே, அவர் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாராம்.

அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "உசுரோட இருக்கைல மாப்ள மாப்ளன்னாய்ங்க. செத்த பெறகு நம்ம வீட்டுத் தண்ணி ஆகாமப் போச்சு பாத்தியா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு எப்படி நினைப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில், கரையை ஒட்டினாற்போல் எங்களுக்கு ஒரு துண்டு நிலம். அப்பா அண்ணனுக்கென்று விட்டுப்போன பங்கு. சாவதற்கு முந்தின வாரம் அதை அவன் உழுது போட்டிருந்தான். விதைக்கவில்லை, மழைக்குக் காத்திருந்தான். மழை வரவே இல்லை. அதனால் அவன் உழுத சால் அப்படியே கிடக்கிறது. காய்ந்து கட்டியாகி, அவன் கால் தடம் பதிந்த இடம்கூட அச்சு மாதிரி நிற்கிறது.

மத்தியானம் ஆனால் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். ஊரே மழைக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. நான் மட்டும், சாமி, இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

சரி, ஜீப்புக்கு வருவோம்.

தாசில்தார் இறங்கினார். கல்லைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்டார். அம்மா சொன்னாள். மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "கூட்டத்துக்கு வாங்கம்மா. அங்க பேசிக்கிடுவோம்" என்றார்.

கூட்டம் அன்றைக்கே, மெயின் ரோட்டுப் பக்கம் இருக்கிற பழைய கூட்ஸ் ஷெட்டில். கூரை போய் சுவர் மட்டும் நிற்கிறது. விஷயம் இதுதான்: கரையில் ரோடு போடுவதா, வேறு ஏதாவது செய்வதா? ஒரு கான்ட்ராக்டர் மண்ணை அள்ளிக்கொள்ளக் கேட்டார். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் பிளாட் போடலாம் என்றார். தாசில்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தெனமும் இதுல நடக்கற ஆளுக எங்க? அவுகளும் வரட்டும், ஆரம்பிப்போம்" என்றார்.

"அவய்ங்களுக்கு என்ன சார் தெரியும்" என்றார் பெரிய மனுஷர்.

"நடக்கத் தெரியுதுல்ல. உக்காருங்க."

வந்தார்கள். ஷெட்டிலிருந்து பார்த்தால் கரை முழுக்கத் தெரியும். நேராக வந்துகொண்டிருந்த பத்துப் பதினைந்து தலைகள் ஓடைக்கு முன்னால் காணாமல் போயின. வெகுநேரம் கழித்து இந்தப் பக்கம் முளைத்தன. எல்லோர் துணியிலும் முள். அம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பேசியது குருவன் இல்லை. அவர் தங்கச்சி காளியம்மா. வயிற்றில் பிள்ளை, மாசம் நெருங்கிய உடம்பு. மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"ரோடு வேணும் சார். பாலமும் வேணும். பிரசவத்துக்கு நானே இதுலதான போகணும். ஆனா ஒண்ணு. ஓடைக்கு இந்தாண்ட ஒரு எடம் இருக்கு. நீங்க தாரு ஊத்திப் போட்டாலும் அதுல நாங்க நடக்கமாட்டோம்."

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப யாருக்கும்மா நான் ரோடு போடுறது?"

அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஏன் நடக்கமாட்ட? எம்பிள்ள கல்லு கண்ண உறுத்துதோ? அவன் பேரச் சொல்லக்கூட உங்களுக்கு வாய் கூசுதுல்ல."

குருவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காளியம்மா மெதுவாகச் சொன்னாள். "கல்லு இல்லைன்னாலும் நடக்கமாட்டோம் ஆத்தா. நம்ம ஆளு ஒருத்தவுக கண்ண மூடுன எடத்துக்கு நாங்க திரும்பப் போறதில்ல. குடிசைக்குள்ள உசுரு போச்சுன்னா குடிசைய விட்டுட்டுக் கெளம்பிருவோம். எங்கப்பன் போன பாறைப் பக்கம் நான் இன்னும் போகல. பேரும் சொல்றதில்ல. எங்க ஆளுகளுக்கு அப்படித்தான்."

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அவன் உங்க ஆளா?"

"பின்ன யாரு ஆளு? வேத்தாளு செத்த எடத்துல நடப்போம், அது எங்களுக்குக் கணக்கில்ல. மெயின் ரோட்ல லாரில அடிபட்டு எம்புட்டுப் பேரு போயிருக்காக. அதுல நாங்க நடக்காமயா சந்தைக்குப் போறோம்?"

குருவன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தண்ணிப் பானைய ஒருக்கா எட்ட நின்னு பாத்தேன் ஆத்தா. நல்ல வெயிலு. நாக்கு வறண்டு போச்சு. போவோம்னுதான் நெனச்சேன். காலு வரல."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வேற நெனச்சுட்டேன்டா குருவா" என்றாள். அதற்கப்புறம் அழுதாள். கருமாதியன்றுகூட அப்படி அழவில்லை.

துக்கம் என்றால் நமக்கு என்ன தெரியும்? கிட்டே போவது தெரியும். கல் நடுவது, விளக்கு வைப்பது, போட்டோவுக்கு மாலை போடுவது. தள்ளிப் போகிறவனைப் பார்த்தால், கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். முள்ளுக்குள் ஒருத்தர் சுமையோடு நடப்பதை இத்தனை நாள் பார்த்தோமே... எதற்கு இப்படி நடக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டோமா?

தாசில்தாரோடு அளக்க வந்திருந்த சர்வேயர், மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர், படத்தை விரித்து வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பேச்சில் தனக்குள்ளேயே என்னமோ முணுமுணுத்தார்.

"சாரும் எங்கள மாதிரி வீட்டுக்கு ஒரு பேச்சு, வெளிய ஒரு பேச்சு வச்சிருக்காரு போல" என்றாள் காளியம்மா. அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். சர்வேயரும்தான்.

"கல்ல வேற பக்கம் மாத்தி வச்சுட்டா?" என்று கேட்டார் அவர்.

"கல்ல மாத்தலாம். எடத்த எங்கிட்டு மாத்துவீக?"

"எம்புட்டு நாளைக்கும்மா இப்படி?"

"அவுக மூஞ்சியப் பாத்தவுக இருக்கறவரைக்கும்." காளியம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இது பாக்கல. இது நடக்கும்."

சர்வேயர் மறுபடியும் படத்துக்குள் குனிந்தார். அப்புறம் பென்சிலால் ஒரு வளைவு போட்டார். ஓடைக்கு முன்னாலேயே ரோடு கரையை விட்டு இறங்கட்டும். கீழே பள்ளம் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கிறது. உயரப் பாலம் வேண்டாம், தரைப்பாலம் போதும். அங்கிருந்து மேலே ஏறி, கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து கரையில் சேர்ந்துகொள்ளலாம். "நல்லாத்தான் வரும். ஆனா நடுவுல பட்டா நெலம் ஒண்ணு குறுக்க வருது சார். அவுக குடுத்தா உண்டு. இல்லைன்னா நேர் ரோடுதான்."

யார் நிலம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அது அவன் பங்கு. அவனுக்கு அடுத்து இவளுக்கு. இவகிட்டக் கேளுங்க."

வேறு எந்த நிலத்தைக் கேட்டாலும் தலையை ஆட்டியிருப்பேன். அண்ணன் என்று தொட்டுப் பார்க்க எனக்கு மிச்சம் இருப்பது அந்தச் சால்தான். அதன் மேல் மண்ணைக் கொட்டி, ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி... "கொஞ்சம் இருங்க சார்" என்று எழுந்து போய்விட்டேன்.

நிலத்து வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். சால் எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தது. அண்ணன் உழவு அப்படித்தான், நூல் பிடித்த மாதிரி இருக்கும். கரை ஓரத்தில் ஒன்று மட்டும் கோணிக்கொண்டு போயிருந்தது. இத்தனை நாள் நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாடு மிரண்டிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எதிர்ப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். குருவன். வரப்புக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"உள்ள வரலாமா பாப்பா?"

"வாங்கண்ணே. இங்க வர்றதுக்கு ஒண்ணும் இல்லைல்ல?"

"இங்க ஒண்ணும் இல்ல. எடம் அந்தா அதுதான்" என்று கல் பக்கம் பார்க்காமலே கையை மட்டும் காட்டினார். அப்புறம் அந்தக் கோணலைப் பார்த்துச் சிரித்தார். "இது என்னாலதான். அன்னைக்குக் கரைமேல போயிக்கிட்டிருந்தேன். மாப்ள, உழவு உழுகுறியா, கோலம் போடுறியான்னு கேட்டேன். அவுக என்னையத் திரும்பிப் பாத்துட்டாக. மாடு அதுபாட்டுக்குப் போயிருச்சு. வைறாக, வைறாக, அப்படி வைறாக என்னைய."

"என்னன்னு வஞ்சான்?"

"அத உன்கிட்டச் சொல்ல முடியாது பாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு முதல் தடவையாகச் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாக மாறிவிட்டது. குருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் நடந்து வந்த வழியில் அண்ணன் உழுத கட்டிகள் பொலபொலவென்று உடைந்து கிடந்தன. நான் ஒருத்தி மட்டும் இத்தனை நாளும் ஒரு கட்டியைக்கூட மிதிக்காமல் வரப்போடு போய் வந்துகொண்டிருந்தவள். உடைந்ததைப் பார்த்தால் நெஞ்சு அடைத்துப்போகும் என்று பயந்துகொண்டிருந்தேன். அடைக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்க வேண்டும்போல்தான் இருந்தது.

"இன்னும் சொல்லுங்கண்ணே" என்றேன்.

சொன்னார். பேரைச் சொல்லாமலே சொன்னார். சைக்கிளோடு ஓடையில் விழுந்த கதை. தேன் டின் திறந்துகொண்டு சட்டையெல்லாம் எறும்பு ஏறிய கதை. மதுரையில் தங்கச்சி தைத்த சட்டை என்று மலை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்த கதை. அந்தச் சட்டைக்கு நான் காலரைக் கோணலாக வைத்திருந்தேன். அவன் என்னிடம் சொல்லவே இல்லை.

எழுந்து ஷெட்டுக்குப் போனேன். "வளைச்சே போடுங்க சார்" என்றேன்.

தாசில்தார் உடனே சந்தோஷப்படவில்லை. "பாப்பா, நல்லா யோசிச்சுக்க. அப்பறம் திரும்பக் கேட்டா கெடைக்காது" என்றார்.

"அண்ணன் இருந்தாலும் குடுத்திருப்பான் சார். என்ன, ரெண்டு நாள் சண்ட போட்டுட்டுக் குடுத்திருப்பான்."

சர்வேயர் உடனே கயிறு பிடிக்கக் கிளம்பிவிட்டார். எனக்கு ஒரு ஆசை. "சார், கரை ஓரத்துல ஒரு சாலு கோணலாப் போகுது. அது மேலயே ரோட்ட வளைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு வளைவு வச்சா பஸ்ஸு ஓடைக்குள்ளதான்மா போகும்" என்று சொல்லிவிட்டார். அதுவும் சரிதான்.

கயிற்றின் ஒரு முனையைக் குருவன் பிடித்துக்கொண்டார். முளை அடிக்க அடிக்க, காளியம்மா தன் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகவே வீட்டுக்குக் கிளம்பினாள். முள் இல்லாத வழி; அடுத்தவர் உழுத நிலம் என்று இதுவரை ஒதுங்கிப்போன வழி. வயிற்றுப் பிள்ளையோடு, அவசரமே இல்லாமல், எங்கள் நிலத்தின் குறுக்காக நடந்து போனாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "மெல்லப் போ தாயி, கட்டி தடுக்கும்" என்றாள்.

ரோடு எப்போது வருமோ தெரியாது. கவர்மெண்ட் காரியம்... கயிறு பிடித்ததோடு நின்றாலும் நிற்கும். வந்துவிட்டால், நீங்களும் ஒரு நாள் அந்தப் பக்கம் பஸ்ஸில் போவீர்கள். நேராகப் போய்க்கொண்டிருக்கிற ரோடு ஓடைக்குப் பக்கத்தில் எதற்கென்றே தெரியாமல் வளையும்.

டிரைவரைத் திட்டாதீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் மேல் கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள், தப்பில்லை.